வீழ்ந்து எழுந்த விண்கலம்

மாந்தர் ஆடும் ஆட்டங்கள் பலவற்றுள்ளும், பெற்றதை இழத்தல் என்பது பிரியாத ஒரு பகுதியாக இருந்துவருகின்றது. பரமபதப் படத்திலே ஏணி பல ஏறி உச்சியை அணுகியவன், ஒரு பாம்பின் வாயிற் பட்டு அடிவரிசைக்கு இறங்குகிறான். உடன் ஆடுவோர் நகைக்கின்றனர்; அவனும் நகைத்துவிட்டு மறுபடியும் காயை உருட்டுகிறான். இழப்பை முகங்கோணாது ஏற்று மீண்டும் தொடங்கும் மனப்பான்மையை மனிதன் பெரும்பாலும் விளையாட்டிடமிருந்தே கற்றுக்கொள்கிறான் எனலாம்.

மின்னியல் விளையாட்டுக்களுள் இவ்வியல்பை மிகக் கடுமையாகக் கையாண்டதும், அக்கடுமையினாலேயே நாற்பது ஆண்டுகளாக அன்பர்களின் நெஞ்சில் நிலைபெற்றதுமான ஓர் ஆட்டம் யப்பான் நாட்டிலே தோன்றியது. 1985 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த அவ்வாட்டத்தின் பெயர் கிறேடியஸ். பிறநாடுகளில் அது நெமெசிஸ் என்னும் பெயரோடு உலாவியது. அதன் வரலாறு, ஒரு பொழுதுபோக்குக் கருவியின் வரலாறாக மட்டும் அமைந்துவிடவில்லை. கடினமான ஒன்றை மக்கள் எதற்காக விரும்புகின்றனர் என்னும் வினாவுக்கும் அதிலே ஒரு விடை கிடைக்கின்றது.

கிறேடியசை ஆக்கிய கொனாமிக் கம்பனி 1969 ஆம் ஆண்டிலே, ஒசாக்காப் பகுதியில், ககெமாசா கோசுக்கி என்பவராலே தொடங்கப்பட்டது. காசு போட்டாற் பாட்டிசைக்கும் பெட்டிகளை வாடகைக்குக் கொடுப்பதும் பழுது பார்ப்பதுமே அதன் தொடக்கத் தொழிலாக இருந்தன. பின்னர் அது காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களை ஆக்கும் தொழிலிற் புகுந்தது. 1978 ஆம் ஆண்டில் தைட்டோக் கம்பனி வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் ஆட்டம் யப்பான் எங்கணும் பெரும் பரபரப்பை விளைத்திருந்தது. அவ்வாட்டத்திலே எதிரிகள் வரிசை வரிசையாக மேலிருந்து இறங்குவர். ஆடுபவர் திரையின் அடியிலே இடமும் வலமுமாக நகர்ந்து அவர்களைச் சுடுவார். போர்க்களம் அசையாது ஓரிடத்தில் நின்றது.

அக்களத்தையே நகரச் செய்தல் அடுத்த படியாயிற்று. 1981 ஆம் ஆண்டிலே கொனாமி வெளியிட்ட ஸ்கிறாம்பிள் என்னும் ஆட்டத்தில், வானூர்தி திரையின் இடப்புறத்தே நிற்க, மலையும் பள்ளமும் குகையுமாகிய நிலக்காட்சி வலமிருந்து இடமாக இடையறாது ஓடிக்கொண்டிருந்தது. புகைவண்டியின் சாளரத்தருகே அமர்ந்து வெளியே நோக்குவோனுக்கு ஊர்கள் பின்னோடிச் செல்வது போன்ற தோற்றம் அது. ஆடுபவர் நின்று மூச்சுவிடவும் இயலாது. காட்சி அவரை முன்னே தள்ளிக்கொண்டே செல்லும். இந்த ஸ்கிறாம்பிளின் இரண்டாம் பாகமாகவே கிறேடியஸ் முதலிலே கருக்கொண்டது. ஹிரோயாசு மச்சிகுச்சி என்பவர் தலைமையில் இளைஞர் சிலர் கூடி உழைத்தபோது, அஃது இரண்டாம் பாகம் என்னும் எல்லையைக் கடந்து தனியொரு படைப்பாக வளர்ந்தது.

கதை எளியது. கிறேடியஸ் என்னும் கோளினைப் பக்டீரியன் என்னும் பகைக்கூட்டம் தாக்குகிறது. அதை எதிர்க்க விக் வைப்பர் என்னும் ஒரேயொரு விண்கலம் புறப்படுகிறது. இத்தகைய கதைகள் அக்காலத்திலே மலிந்து கிடந்தன. கிறேடியசைத் தனித்து நிறுத்தியது அதன் கதையன்று. திரையின் அடியிலே அமைந்த ஆறு சிறிய கட்டங்களே.

விக் வைப்பர் புறப்படும்போது வறியது. மெல்ல நகரும், ஒற்றைக் குண்டு சுடும். குறித்த சில எதிரிகளை வீழ்த்தினால் செந்நிறக் குளிகை ஒன்று வெளியில் மிதக்கும். அதனை எடுத்தவுடன் ஆறு கட்டங்களுள் முதலாவது ஒளிரும். இரண்டாவது குளிகையை எடுத்தால் ஒளி இரண்டாவது கட்டத்துக்கு நகரும். வேகம், ஏவுகணை, இருமுகச் சூடு, லேசர்க் கதிர், துணைக்கோளம், காப்புக் கவசம் என்ற முறையிலே அக்கட்டங்கள் அமைந்திருக்கும். ஒளி நிற்கும் கட்டத்திலுள்ள பேறு வேண்டுமாயின் ஆடுபவர் ஒரு பொத்தானை அழுத்தி அதனைப் பெறலாம். பெற்றவுடன் ஒளி அணைந்து, கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். வேண்டாமென்று பொறுத்திருந்தால் மேலும் உயர்ந்த பேறு கிட்டும்.

இங்கேதான் ஆட்டத்தின் உயிர்நிலை இருக்கின்றது. கையிலுள்ளதை இப்பொழுதே செலவிடுவதா, சேர்த்துவைத்துப் பெரிதாக ஒன்றைப் பெறுவதா என்னும் வினா, எதிரிகள் நாற்புறமும் சூழ்ந்து சுடும்போதே எழுகின்றது. கவசத்துக்கென்று ஆறு குளிகைகளைச் சேர்க்க எண்ணியவர் ஐந்தாவதோடு மாண்டுபோகலாம். வேகத்தையே பலமுறை பெற்றவர், கட்டுக்கடங்காது விரையும் தம் கலத்தைத் தாமே பாறையில் மோதிவிடலாம். இருமுகச் சூட்டையும் லேசரையும் ஒருங்கே வைத்திருக்கவும் இயலாது. ஒன்றைக் கொள்ளின் மற்றொன்றைத் துறத்தல் வேண்டும். மாதச் சம்பளத்தைக் கொண்டு குடும்பம் நடத்துவோர் நன்கறிந்த கணக்கே இது. விரல் நுனியில், நொடிப்பொழுதில் அது நிகழ்வது ஒன்றே வேறுபாடு.

துணைக்கோளம் என்பது தனிச்சிறப்பு வாய்ந்தது. ஒளிவிடும் சிறு கோளமாகிய அது கலத்தைத் தொடர்ந்து, கலம் சென்ற தடத்திலேயே தானும் செல்லும். கலம் சுடும்போது தானும் சுடும். எதிரியின் குண்டு அதனைத் தீண்டாது. காசு போட்டு ஆடும் இயந்திரத்திலே நான்கு கோளங்கள்வரை பெறலாம். நான்கும் பின்தொடர, கலத்தை வளைத்துச் செலுத்தி, அவற்றை வேண்டிய இடங்களில் நிரல்பட நிறுத்திச் சுடுதல் ஒரு கலையாகவே வளர்ந்தது.

இத்துணை அரும்பாடுபட்டுச் சேர்த்த யாவும் ஒரே குண்டினால் அழியும். கலம் வெடித்தால் வேகமும் கதிரும் கோளங்களும் ஒருங்கே மறையும். ஆடுபவர் சிறிது தூரம் பின்னே தள்ளப்பட்டு, தொடக்கத்திலிருந்த அதே வறிய கலத்தோடு மீண்டும் நிற்பார். எதிரிகளோ வலிமை குன்றாது வந்துகொண்டிருப்பர். செல்வத்தோடு கடந்த இடத்தை வறுமையோடு மீண்டும் கடக்கவேண்டிய நிலை இது. பலர் இவ்விடத்திலே மனந்தளர்ந்து இயந்திரத்தை விட்டகன்றனர்.

அகலாது நின்றவர்களே இவ்வாட்டத்தின் அன்பர்களாயினர். யப்பானிய ஆட்டக்காரரிடையே புக்கட்சு என்னும் சொல் வழங்குகின்றது. மீண்டுயிர்த்தல் என்பது அதன் பொருள். ஒவ்வொரு மீள்தொடக்க இடத்திலிருந்தும் வெறுங்கலத்தோடு எவ்வாறு தப்பிப் பிழைப்பது, எந்த எதிரியிடம் குளிகை உண்டு, முதலாவது குளிகையை வேகத்துக்குச் செலவிடுவதா அன்றிச் சேர்த்துவைப்பதா என்றெல்லாம் அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். அக்காலத்து யப்பானிய விளையாட்டுக் கூடங்கள் பலவற்றிலே, ஆடவருவோர் தம் கருத்துக்களை எழுதிவைப்பதற்கென்று கொப்பிகள் வைக்கப்பட்டிருந்தன. முன்பின் அறியாத ஒருவர் எழுதிவைத்த உபாயத்தை மற்றொருவர் படித்து ஆடித் தேர்ந்தார். ஒரு நாணயத்தைக் கொண்டே ஆட்டம் முழுவதையும் முடித்தல் பெருமைக்குரியதாயிற்று. எனினும், எல்லாம் இழந்த நிலையிலிருந்து ஒருவர் மீண்டெழும் காட்சியே, அருகில் நின்று பார்ப்போரை மிகவும் கவர்ந்தது. நிறைந்த வலிமையோடு வெல்வதைக் காட்டிலும், ஒன்றுமில்லாத கலத்தோடு வெல்வது அரிதன்றோ?

ஆட்டத்தின் காட்சிகளும் நினைவில் நிற்பவை. முதலாவது பகுதியின் இறுதியில் இரண்டு எரிமலைகள் கற்களைக் கக்கும். மூன்றாவது பகுதியிலே பசிபிக் பெருங்கடலின் ஈஸ்ரர் தீவிலுள்ள கற்சிலை முகங்கள் விண்வெளியில் நின்று, வாய்திறந்து ஒளிவளையங்களை உமிழும். அச்சிலைகளுக்கு அத்தீவு மக்கள் வழங்கும் பெயர் தமிழ்க் காதிற்கு மோவாய் என்றே ஒலிக்கின்றது. அவற்றின் மோவாயும் நீண்டு துருத்தியே நிற்கின்றது. பொருத்தமான இத்தற்செயல் ஒற்றுமை தமிழ் மக்களுக்கு நகை விளைக்கத்தக்கது. தொல்பொருட் சிலை ஒன்று விண்வெளிப் போரிலே புகுந்தது எங்ஙனம் என்று எவரும் கேட்கவில்லை. பின்வந்த பாகங்களிலே அச்சிலைகள் இல்லாவிடின் அன்பர்கள் ஏமாற்றமடையும் அளவுக்கு அவை ஆட்டத்தோடு ஒன்றிவிட்டன. இறுதியிலே தோன்றும் பகைத்தலைமை, கோட்டையின் உள்ளே கட்டுண்டு கிடக்கும் ஒரு பெருமூளை. அஃது எதிர்த்துச் சுடுவதில்லை. அத்துணை படையையும் ஏவிய ஒன்று, நேரிற் காணும்போது தன்னைத்தானே காக்க வகையற்றிருந்தது.

இவ்வாட்டத்தின் இசையை ஆக்கியவருள் முதன்மையானவர் மிக்கி ஹிகாஷினோ என்னும் இளம்பெண். 1968 ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்கு அப்போது வயது பதினேழு. எதிரிகள் சூழ்ந்த வேளையிலும் அச்சமூட்டாது, துள்ளிச் செல்லும் தெளிவான மெட்டுக்களை அவர் அமைத்தார். பிற்காலத்தில் சுயிக்கோடென் என்னும் புகழ்பெற்ற ஆட்டத்துக்கும் அவரே இசையமைத்தார்.

இசையோடு தொடர்புடைய வேறொரு செய்தியும் உண்டு. கிறேடியஸ் முதன்முதலில் யப்பானிலே வெளிவந்தபோது, குமிழ் நினைவகம் என்னும் புதுமையான சாதனத்திலே பதியப்பட்டிருந்தது. பளிங்குப் பொருளாலான மெல்லிய படலம் ஒன்றிலே நுண்ணிய காந்தப் புள்ளிகள் குமிழிகளைப் போல உருவாகி நகரும். குமிழி இருத்தலும் இல்லாமையும் கொண்டே செய்தி பதிவாகும். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்திலே 1960 களின் பிற்பகுதியில் உருவான இச்சாதனம், மின்சாரம் நின்றாலும் பதிவை இழவாது என்னும் நன்மை உடையது. ஆயின் குளிரில் அது செவ்வனே இயங்காது. ஆகையால் காலையிலே கூடத்தைத் திறந்து இயந்திரத்துக்கு மின்சாரம் ஊட்டியவுடன் ஆட்டம் தொடங்கிவிடாது. திரையிலே தொண்ணூற்றொன்பது என்னும் எண் தோன்றி ஒவ்வொன்றாகக் குறையும். நினைவகம் சூடேறும்வரை இனிய சிறு மெட்டொன்று ஒலித்துக்கொண்டிருக்கும். காலை இசை என்பது அம்மெட்டின் பெயர். கூடத்தைத் திறப்பவர்களும், திறக்குமுன்னரே வாயிலிற் காத்துநின்ற ஓரிருவருமே அதனைக் கேட்டிருப்பர். குமிழ் நினைவகம் விலைகூடியதாயும் எளிதிற் பழுதுபடுவதாயும் இருந்தமையால் கொனாமி விரைவில் அதனைக் கைவிட்டு, வழமையான நினைவகச் சில்லுகளுக்கு மாறியது. இன்று செவ்வனே இயங்கும் குமிழ் இயந்திரங்கள் அரியன. ஆயினும் காலை இசை இசைத்தட்டுக்களிலே பதிவாகி, அவ்வியந்திரத்தைக் கண்ணாலும் காணாதவர்களாற் போற்றப்படுகின்றது.

காசு போட்டு ஆடும் கூடத்திலிருந்து வீட்டுக்கு இவ்வாட்டம் வந்தது 1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலாகும். நின்டென்டோக் கம்பனியின் பமிக்கொம் என்னும் வீட்டுக் கருவிக்கு அதனை மாற்றியமைக்கும் பணி கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவரிடம் இருந்தது. மாற்றியமைத்த ஆட்டத்திலே பிழை உண்டோ என்று அறிய அதனை இறுதிவரை ஆடிப்பார்த்தல் வேண்டும். ஹஷிமோட்டோவோ இவ்வாட்டத்திலே தேர்ச்சியுடையவர் அல்லர். தாம் செப்பனிடும் ஆட்டத்தைத் தம்மாலேயே வெல்லமுடியாது திண்டாடிய அவர், ஓர் உபாயம் செய்தார். ஆட்டத்தை இடைநிறுத்தி, மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்னும் வரிசையிலே பொத்தான்களை அழுத்தினால், சேர்க்கவேண்டிய பேறுகள் ஏறக்குறைய யாவும் கலத்துக்கு உடனே கிடைத்துவிடும். நினைவில் வைத்திருக்க எளிதாகையால் அவ்வரிசையைத் தெரிந்தார். வெளியீட்டுக்கு முன்னர் நீக்கப்படவேண்டிய அவ்விரகசிய வரிசை நீக்கப்படாமலே மக்கள் கைக்குச் சென்றது.

அதனைக் கண்டறிந்த சிறுவர்கள் ஒருவர் காதில் ஒருவர் ஓதிப் பரப்பினர். கொனாமியின் வேறு ஆட்டங்களிலும் அதே வரிசை இடம்பெறலாயிற்று. 1988 ஆம் ஆண்டில் அமெரிக்க வீடுகளுக்குச் சென்ற கொன்றா என்னும் ஆட்டத்திலே அது முப்பது உயிர்களை வழங்கியமையால் மேல்நாட்டிலும் பெரும்புகழ் பெற்றது. கொனாமி வரிசை என்று பெயர்பெற்ற அது, நாளடைவிலே பிற கம்பனிகளின் ஆட்டங்களிலும் இணையத்தளங்களிலும் வேடிக்கைக்காக ஒளித்துவைக்கப்பட்டது. கிறேடியசை ஒருநாளும் ஆடியறியாத இலட்சக்கணக்கானோர் அவ்வரிசையை மாத்திரம் மனப்பாடமாக அறிவர்.

ஆக்கியோரும் இவ்வேடிக்கையில் பங்குகொள்ளத் தவறவில்லை. சுப்பர் பமிக்கொம் என்னும் கருவிக்கு 1990 ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் கிறேடியசிலே பழைய வரிசையை அப்படியே அழுத்தினால், கலம் முதலில் வலிமை பெற்று, மறுகணமே தானாக வெடித்துச் சிதறும். இடம், வலம் என்னும் திசைகளுக்குப் பதிலாகக் கைப்பிடியின் மேல்விளிம்பிலுள்ள இரு பொத்தான்களை அழுத்தியவருக்கே பயன் கிட்டும். எளிய வழியை நாடியவரோடு ஆட்டம் நடத்திய செல்லக் குறும்பு அது.

இதற்கிடையே கிறேடியசின் குடும்பம் பெருகியது. 1986 ஆம் ஆண்டிலே வந்த சலமாண்டர் இருவர் சேர்ந்து ஆடுவதற்கு இடமளித்தது. வீழ்ந்தவர் பின்னே தள்ளப்படாது வீழ்ந்த இடத்திலேயே மீண்டெழுந்தார். 1988 ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் கிறேடியஸ், படைக்கலத் தொகுதிகள் நான்கனுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள விட்டது. அதே ஆண்டிலே, தன் ஆட்டத்தைத் தானே எள்ளி நகைக்கும் பரோடியஸ் என்பதையும் கொனாமி வெளியிட்டது. அதிலே எண்காலி ஒன்றும் பென்குவின் பறவையும் விக் வைப்பரோடு சரிநிகராகப் போரிட்டன. 1989 ஆம் ஆண்டில் காசு இயந்திரத்துக்கு வந்த மூன்றாம் கிறேடியஸ் கடுமையின் உச்சம். வலப்புறமிருந்து பளிங்குக் கட்டிகள் பறந்துவந்து ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வழியடைக்கும் ஓரிடம், தேர்ந்த ஆட்டக்காரரையும் நடுங்கச் செய்தது. வேறு கம்பனிகளும் இவ்வழியிற் புகுந்தன. 1987 ஆம் ஆண்டில் ஐறெம் வெளியிட்ட ஆர் டைப் அவற்றுள் புகழ் மிக்கது.

2004 ஆம் ஆண்டிலே ஐந்தாம் கிறேடியஸ் வெளிவந்தது. முன்னாட் கொனாமிப் பணியாளர் பலர் சேர்ந்து நிறுவிய திறெஷர் என்னும் சிறு கம்பனியே அதனை ஆக்கியது. அதிலே ஒரு காட்சி: நெருக்கடியில் இருக்கும் விக் வைப்பருக்கு மற்றொரு விக் வைப்பர் வந்து துணைநிற்கிறது. ஆட்டத்தின் முடிவை அணுகும்போதே, வந்தது எதிர்காலத்திலிருந்து திரும்பிய தானே என்பது ஆடுபவருக்குப் புலனாகின்றது. முன்னர் உதவி பெற்ற அதே இடத்தில், இப்போது உதவுபவராக நின்று அவர் போரிடுகிறார்.

2008 ஆம் ஆண்டிலே கிறேடியஸ் றீபேர்த் என்னும் சிறிய ஆட்டம் வந்ததன் பின்னர் நெடுங்காலம் புதிய படைப்பெதுவும் தோன்றவில்லை. காசு போட்டு ஆடும் கூடங்கள் யப்பானிலும் குறைந்து வந்தன. பரந்த உலகங்களிலே விரும்பிய திசையிற் சென்று உலாவும் ஆட்டங்கள் பெருகிய காலத்தில், ஒரே திசையிற் பறந்து உயிர்விடும் ஆட்டத்தைப் பெரும்பாலோர் பழமை என்று ஒதுக்கினர். 2020 ஆம் ஆண்டு பெப்புருவரி 25 ஆம் நாள், ஹஷிமோட்டோ தமது அறுபத்தொன்றாம் வயதிற் காலமானார். அச்செய்தி வெளிவந்தபோது, உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அப்பத்துப் பொத்தான்களின் வரிசையையே இரங்கலாக எழுதினர். வெல்லத் தெரியாத ஒருவர் தம் வேலையை முடிப்பதற்காகச் செய்துகொண்ட உபாயம், அவருக்குரிய நினைவுக்கல்லாயிற்று.

அன்பர்கள் பழைய ஆட்டங்களைக் கைவிடவில்லை. பழுதான இயந்திரங்களைச் செப்பனிட்டும், மீண்டெழும் உபாயங்களை இளையோருக்குக் காட்டியும் வந்தனர். 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, கிறேடியஸ் தோன்றி நாற்பது ஆண்டு நிறைந்த வேளையில், பழைய ஆட்டங்கள் ஆறும் அவற்றின் பல்வேறு வடிவங்களும் கிறேடியஸ் ஒரிஜின்ஸ் என்னும் தொகுப்பாக வெளிவந்தன. அவற்றோடு, பழைய முறையிலேயே புதிதாக ஆக்கப்பெற்ற மூன்றாம் சலமாண்டரும் இடம்பெற்றது. தொகுப்பை உருவாக்கிய எம் 2 என்னும் கம்பனி, பழைய ஆட்டங்களை உள்ளவாறே மீட்டுத் தருவதிற் பெயர்பெற்றது. கிறேடியஸ் றீபேர்த்தும் அதன் கைவண்ணமே. இத்தொகுப்பிலே ஆட்டத்தைச் சிறிது பின்னோக்கித் திருப்பி, பிழையை அழித்துவிட்டு ஆடும் வசதியும் உண்டு. ஹஷிமோட்டோவுக்கு அக்காலத்திலே கிட்டியிருப்பின் அவர் வரிசையொன்றை ஆக்கியே இருக்கமாட்டார்.

அவ்வசதி இருந்தும் அதனைத் தீண்டாது ஆடுவோர் பலர் உளர். துணைக்கோளங்கள் நான்கும் மறைந்து, வெறுங்கலம் மெல்ல நகரும் அந்நிலையைப் பின்னோக்கித் திருப்பி அழித்துவிட அவர்கள் விரும்புவதில்லை. திரையின் அடியிலுள்ள ஆறு கட்டங்களும் இருண்டு கிடக்கின்றன. எரிமலை எதிரே கற்களைக் கக்குகின்றது. வலப்புறமிருந்து எதிரிகளின் சிறு வரிசையொன்று வருகின்றது. அதனை வீழ்த்தினால் ஒரு செங்குளிகை கிடைக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் யப்பானியக் கூடமொன்றிலே நூறு யென் நாணயத்தைக் கையில் இறுகப் பற்றி நின்ற இளைஞன் எந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினானோ, அதே இடத்திலிருந்து அவர்களும் தொடங்குகின்றனர்.